தூதரைக் கொன்ற சுல்தான்

மங்கோலியப் படையெடுப்பு என்றதும் செங்கிஸ்கானின் கொடூரமே நம் நினைவுக்கு வருகிறது. அந்தப் படை முஸ்லிம் நாடுகளுக்குள் நுழையக் காரணமாக இருந்த சுல்தானைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. அவர்தான் குவாரிஸ்ம் ஷா அலாவுத்தீன் முஹம்மத்.

1200-ல் தந்தைக்குப் பின் ஆட்சிக்கு வந்த அவர், புகாரா, சமர்கந்த் முதல் ஈரான் வரை தன் எல்லையை விரித்தார். கலீஃபா அந்நாஸிரையும் பகைத்துக்கொண்டார். 1217-ல் பக்தாதை நோக்கிப் புறப்பட்ட அவருடைய படை, கடும் பனியில் சிக்கித் திரும்பியது.

அக்காலத்தில் வட சீனாவை வென்றுகொண்டிருந்த செங்கிஸ்கான், வணிக உறவு கேட்டுத் தூது அனுப்பினார். சுல்தானை மகன் என்று அதில் அழைத்திருந்தது அவரை உறுத்தியது. மகன் என்றால் தனக்குக் கீழ்ப்பட்டவன் என்றே அரசவைகளில் பொருள். இருந்தும் உடன்பாடு ஏற்பட்டது.

1218-ல் மங்கோலியப் பகுதியிலிருந்து சுமார் 450 வணிகர்கள் எல்லை நகரமான உத்ராருக்கு வந்தனர். பெரும்பாலோர் முஸ்லிம்கள். ஆளுநர் இனால்சிக் அவர்களை ஒற்றர்கள் என்று கூறிக் கொன்றார், சரக்குகள் பறிக்கப்பட்டன.

செங்கிஸ்கான் உடனே படையெடுக்கவில்லை. ஆளுநரை ஒப்படைக்குமாறு தூதர்களை அனுப்பினார். பிரச்சினை அங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் அந்த ஆளுநர், சுல்தானின் தாய் தெர்கன் காத்தூனின் உறவினர். படையில் பெரும் பலமாக இருந்த கிப்சாக் துருக்கியர்களும் தாயின் பக்கமே நின்றனர். ஒப்படைத்தால் சொந்தப் படை திரும்பும். மறுத்தால் அந்நியப் படை வரும். சுல்தான் மறுத்தார். அதோடு நிற்காமல், தூதுக்குழுவின் தலைவராக வந்த முஸ்லிமைக் கொன்று, உடன் வந்தவர்களின் தாடியை மழித்துத் திருப்பி அனுப்பினார். எதிரியின் தூதர் என்றாலும் கொல்லக் கூடாது என்பதே நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழி.

1219-ல் போர் மூண்டது. படையை ஓரிடத்தில் திரட்டினால் தளபதிகள் தனக்கு எதிராகவே திரும்புவார்கள் என்று அஞ்சிய சுல்தான், அதை நகரங்களுக்குப் பிரித்து அனுப்பினார். 1220-ல் புகாராவும் சமர்கந்தும் அடுத்தடுத்து வீழ்ந்தன. ஊர் ஊராக ஓடிய அவர், அவ்வாண்டின் இறுதியில் காஸ்பியன் கடல் தீவொன்றில் மரணித்தார். கஃபனிடத் துணியில்லாமல், உடனிருந்தவரின் சட்டையில் அவரைப் பொதிந்து அடக்கியதாக வரலாற்றாசிரியர் நஸவீ எழுதியுள்ளார்.

வல்லரசுகளுக்கிடையே ஒரே ஒரு சம்பவத்தால் போர் மூள்வதில்லை. சந்தேகமும், கௌரவப் பிரச்சினையும், சொந்த ஆட்களைப் பற்றிய அச்சமும் சேர்ந்து பின்வாங்கும் வழியை அடைத்துவிடுகின்றன. இன்றைய ஆட்சியாளர்களும் இதே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். அன்று சுல்தான் காப்பாற்ற நினைத்தது ஒரே ஒரு ஆளுநரை. அதற்கு விலை கொடுத்தவர்கள், அந்த ஆளுநரின் முகத்தைக்கூடப் பார்த்திராத எண்ணற்ற குடும்பங்கள்.