கடற்கரையில் பிறந்த மருத்துவ உண்மை

நோய்க்கிருமிகளை எதிர்த்துப் போரிடும் உயிரணுக்கள் நம் உடலில் உண்டு என்னும் உண்மைக்கு வித்திட்டது மருத்துவமனை அன்று, கடற்கரையே என்றறியும்போது நாம் வியப்படைகிறோம். அதனைக் கண்டறிந்தவர் இலியா மெச்னிகோவ் ஆவார்.

1845ஆம் ஆண்டு, இன்றைய உக்ரைனிலுள்ள கார்கிவ் நகருக்கு அருகே பிறந்த அவர் மருத்துவர் அல்லர், விலங்கியல் அறிஞர். 1882இல் ஒடெசா பல்கலைக்கழகப் பதவியைத் துறந்து, சிசிலித் தீவின் மெசினா கடற்கரைக்குச் சென்றார். அங்கே, கண்ணாடி போலத் தெளிந்த நட்சத்திர மீன் இளவுயிரியின் உடலில் ரோஜா முள்ளைச் செருகினார். மறுநாள், நகரும் உயிரணுக்கள் முள்ளைச் சூழ்ந்து நிற்பதை நுண்ணோக்கியில் கண்டார். நம் வெள்ளணுக்களும் இவ்வாறே கிருமிகளை விழுங்கி உடலைக் காக்கின்றன என்று அறிவித்தார்.

குருதிநீரே உடலைக் காக்கிறது என்று கருதிய அறிஞர்கள் அதனை மறுத்தனர். மெச்னிகோவ் பல ஆண்டுகள் வாதிட்டார். 1908இல் நோபல் பரிசு அவருக்கும், குருதிநீர்க் கொள்கையை வளர்த்த பால் எர்லிக்குக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. இரு தரப்பிலும் உண்மை இருந்ததை இன்று நாம் அறிவோம்.

பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றிய அவர், தம் ஆய்வைப் பொதுமக்களுக்கும் எடுத்துரைத்தார். 1904இல் முதுமை குறித்து அவர் ஆற்றிய உரைக்குப்பின், தயிர் ஆயுளை நீட்டும் என்ற நம்பிக்கை பரவியது. அது இன்றளவும் மெய்ப்பிக்கப்படவில்லை. மெய்ப்பிக்கப்பட்டது எது, கருதுகோள் எது எனப் பிரித்துரைப்பது அறிவியலை மக்களிடம் கொண்டுசெல்வோரின் கடமையாகும்.

மெச்னிகோவ் 1916இல் மறைந்தார். சந்தையில் விலைபோகாத கடற்சிற்றுயிர் ஒன்று அவருக்கு ஆசானாயிற்று. கடலை மாசுபடுத்தி அத்தகைய உயிர்களை அழிப்போமாயின், படித்தறியாத நூல்களை எரித்தவர்களாவோம். இதனையும் நாம் மக்களிடம் சொல்லியாக வேண்டும்.