நட்பில் விளைந்த தொண்டு

நம் ஊர்களில் கண் சிகிச்சை முகாமோ குருதிக்கொடை முகாமோ நடைபெறும் இடத்தில், 24 பற்களைக் கொண்ட சக்கரச் சின்னம் ஒன்றைப் பதாகையில் கண்டிருப்போம். அது ரோட்டரி சங்கத்தின் சின்னம். உலகெங்கும் தொண்டால் அறியப்படும் அந்தச் சங்கம், தொண்டு செய்வதற்காகத் தொடங்கப்பட்டதன்று. தனிமையில் வாடிய வழக்குரைஞர் ஒருவர் தமக்கு நண்பர்களைத் தேடிக் கூட்டிய சிறு கூட்டமே அது. அவர் பெயர் பால் பெர்சி ஹாரிஸ்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள ரசீன் என்னும் ஊரில் 1868ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையின் வணிகம் நொடித்தது. மூன்று வயதுச் சிறுவனாக, வெர்மாண்ட் மாநிலத்தின் வாலிங்ஃபோர்டு என்னும் சிற்றூரில் வாழ்ந்த தந்தைவழிப் பாட்டன் பாட்டியிடம் ஒப்படைக்கப்பட்டார். பாட்டன் ஹோவார்டு சிக்கனத்துக்கும் நேர்மைக்கும் பெயர்பெற்றவர். பாட்டி பமீலா அன்பே வடிவானவர். மலைகள் சூழ்ந்த அவ்வூரில் எல்லாரும் எல்லாரையும் அறிவர். குறும்புக்காரச் சிறுவன் ஒருவனை ஊரே சேர்ந்து வளர்த்தது எனலாம். ஹாரிசின் பிற்கால வாழ்வு முழுவதும் இந்த ஊரைத் தேடிய தேடலாகவே அமைந்தது.

வெர்மாண்ட் பல்கலைக்கழகத்திலும் பின்னர் பிரின்ஸ்டனிலும் பயின்றார். 1888இல் பாட்டன் மறைந்தபின் பிரின்ஸ்டனைவிட்டு நீங்கினார்; சலவைக்கல் நிறுவனம் ஒன்றில் சிலகாலம் பணியாற்றினார்; பிறகு அயோவா பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்று 1891இல் பட்டம் பெற்றார். உடனே தொழில் தொடங்கவில்லை. ஐந்தாண்டுகள் உலகைக் கண்டுவரப் புறப்பட்டார். செய்தியாளர், ஆசிரியர், நாடக நடிகர், மாடு மேய்ப்பவர், விடுதியின் இரவு எழுத்தர், சலவைக்கல் விற்பனையாளர் என அவர் ஏற்ற வேலைகள் பலவாகும். கால்நடைகளை ஏற்றிச்செல்லும் கப்பலில் கூலியாளாகச் சேர்ந்து இங்கிலாந்துக்கும் போய்வந்தார். பலவகைத் தொழிலாளரோடு உண்டு உறங்கிய இந்த ஐந்தாண்டுகள் எந்தக் கல்லூரியும் தரமுடியாத கல்வியை அவருக்குத் தந்தன.

1896இல் ஷிகாகோ நகரில் குடியேறி வழக்குரைஞர் தொழிலைத் தொடங்கினார். வழக்குகள் வந்தன, நண்பர்கள் வரவில்லை. வாரநாள்கள் வேலையில் கழிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைகளே பெருந்துயர் தந்தன. ஒவ்வொரு வாரமும் வெவ்வேறு தேவாலயத்துக்குச் செல்வார். பூங்காக்களில் தனியே உலவுவார். பல இலட்சம் மக்கள் வாழும் நகரில், பெயர்சொல்லி அழைக்க ஒருவரும் இல்லாத நிலை. 1900ஆம் ஆண்டில் ஒருநாள், சக வழக்குரைஞர் ஒருவர் அவரை நகரின் வடபகுதியில் இருந்த தம் வீட்டுக்கு விருந்துக்கு அழைத்தார். உணவுக்குப்பின் இருவரும் தெருவில் நடந்தனர். வழியிலிருந்த கடைக்காரர் ஒவ்வொருவரையும் அந்நண்பர் நலம் விசாரித்து, ஹாரிசுக்கு அறிமுகம் செய்துவைத்தார். வாலிங்ஃபோர்டு கண்முன் வந்து நின்றது. அத்தகைய உறவை நகரத்திலும் உண்டாக்க முடியாதா என்ற எண்ணம் அன்று தோன்றியது. அது செயலாக மேலும் ஐந்தாண்டுகள் ஆயின.

1905ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள் மாலை, நிலக்கரி வணிகர் சில்வெஸ்டர் ஷீலுடன் உணவருந்திய ஹாரிஸ், அவரை யூனிட்டி கட்டடத்தின் 711ஆம் எண் அறைக்கு அழைத்துச் சென்றார். அது சுரங்கப் பொறியாளர் கஸ்டாவஸ் லோயரின் அலுவலகம். தையல் நிறுவனம் நடத்திய ஹைரம் ஷோரியும் வந்திருந்தார். நால்வர் மட்டுமே கூடிய அதுவே முதல் கூட்டம். ஒவ்வொருவர் பணியிடத்திலும் முறைவைத்துச் சுழற்சியாகக் கூடியதால், சுழலுதலைக் குறிக்கும் ரோட்டரி என்ற பெயர் அமைந்தது. ஒரு தொழிலுக்கு ஓர் உறுப்பினர் என்பது விதி. முதல் தலைவராக ஷீல் பொறுப்பேற்றார். ஹாரிஸ் பதவியை நாடவில்லை.

தொடக்கத்தில் சங்கத்தின் நோக்கங்கள் இரண்டே: உறுப்பினரின் தொழில் வளர்ச்சி, அவர்களிடையே நட்பு. ஒருவர்க்கொருவர் பெற்றுத்தந்த வணிகத்தைக் கணக்கெழுதிவைக்கத் தனியே ஒருவரை அமர்த்தியிருந்தனர். இது தன்னலக் கூட்டமன்றி வேறென்ன என்று நமக்குத் தோன்றுகிறதல்லவா? டொனால்டு கார்ட்டர் என்னும் வழக்குரைஞருக்கும் அவ்வாறே தோன்றியது. 1906இல் சேர அழைத்தபோது அவர் மறுத்துவிட்டார். தன் உறுப்பினர் அல்லாத எவருக்கும் பயன்படாத சங்கம் நெடுங்காலம் நிலைக்காது என்பது அவர் கருத்து. கடிந்துகொள்ளக்கூடிய அந்தச் சொல்லை ஹாரிஸ் வரவேற்றார். நகரின் நலனையும் பேணுதல் என்னும் மூன்றாம் நோக்கம் விதிகளில் சேர்ந்தது, கார்ட்டரும் உறுப்பினரானார். குறைகூறியவரின் வாயிலாகவே சங்கம் தன் வழியைக் கண்டுகொண்டது.

முதற்பெரும் பணி எது தெரியுமா? பொதுக்கழிப்பறை கட்டுதல். ஷிகாகோவின் கடைத்தெருக்களில் அன்று அந்த வசதி இல்லை. 1907இல் ஹாரிசின் தலைமையில் சங்கம் இதற்காக மாநகராட்சியை அணுகியது. எதிர்ப்பு எழுந்தது. மதுக்கடைகளிலும் பெரிய அங்காடிகளிலும் கழிப்பறை இருக்கும்போது வேறெதற்கு என்று அவற்றை நடத்துவோர் வாதிட்டனர். மதுக்கடையில் நுழையும் ஆடவர் மது வாங்க வேண்டியிருந்தது. அங்காடியில் நுழையும் பெண்கள் பொருள் வாங்க வேண்டியிருந்தது. எதிர்ப்பின் காரணம் விளங்கும். ஏறத்தாழ இரண்டாண்டு முயற்சிக்குப்பின், மாநகராட்சி மன்றத்தை அடுத்து அது அமைந்தது. வணிகர்கள் நிறைந்த ஒரு சங்கம் வணிகரின் எதிர்ப்பை மீறிப் பொதுநலனுக்காக நின்றது என்பதே இதில் நாம் கருதவேண்டியது.

பிற நகரங்களிலும் சங்கம் பரவவேண்டும் என்று ஹாரிஸ் விரும்பினார். வாரந்தோறும் கூடிப் பாடி மகிழ்வதே போதும் என்றிருந்த உறுப்பினர் சிலருக்கு அது பிடிக்கவில்லை. உள்ளுக்குள் மனத்தாங்கல் வளர்ந்தது. எனினும் 1908இல் சான் பிரான்சிஸ்கோவில் இரண்டாம் சங்கம் தோன்றியது. 1910இல் 16 சங்கங்கள் ஷிகாகோவில் கூடி ஹாரிசைத் தேசியத் தலைவராகத் தேர்ந்தெடுத்தன. கனடாவின் வின்னிபெக் சங்கமும் இணைந்தபின், 1912இல் அமைப்பு பன்னாட்டுப் பெயர் பெற்றது. 1919இல் கல்கத்தாவிலும் 1929இல் சென்னையிலும் ரோட்டரி காலூன்றியது.

1910இலேயே ஸ்காட்லாந்தில் பிறந்த ஜீன் தாம்சனை அவர் மணந்தார். இயற்கை நடைப்பயணம் ஒன்றில் ஹாரிசின் மேற்சட்டை கிழிந்திருந்ததைக் கண்டு, தைத்துத்தர ஜீன் முன்வந்ததே அவர்களின் அறிமுகம். அவர்களுக்கு மக்கட்பேறு இல்லை. முதுமையில் இருவரும் பல நாடுகளுக்குச் சென்றனர். சென்ற இடங்களில் ஹாரிஸ் நட்பு மரங்களை நட்டார். 1932இல் பெர்லினில் ஒன்று. 1935இல் டோக்கியோவில் மற்றொன்று. 1937இல் நாசி ஆட்சியின் நெருக்கடியால் ஜெர்மனியின் சங்கங்கள் கலைந்தன. 1940இல் ஜப்பானியச் சங்கங்களும் விலகின. நாடுகளிடையே நட்பை வளர்க்கலாம் என நம்பியவர், தம் கண்ணெதிரிலேயே இரண்டாம் உலகப்போரைக் காண நேர்ந்தது. போருக்குப்பின் அச்சங்கங்கள் மீண்டும் உயிர்பெற்றன. அதனை முழுமையாகக் காண அவர் இல்லை.

1947ஆம் ஆண்டு ஜனவரி 27ஆம் நாள் ஹாரிஸ் மறைந்தார். தமக்கு மலர் சாத்துவதற்கு மாற்றாக, ரோட்டரி அறக்கட்டளைக்குப் பொருளுதவி செய்யுமாறு முன்பே விழைந்திருந்தார். 1917இல் தொடங்கி, 26 டாலர் 50 சென்ட் என்னும் சிறுதொகையை முதல் கொடையாகப் பெற்ற நிதி அது. அவர் மறைவையொட்டி உலகெங்குமிருந்து கொடைகள் குவிந்தன. அதே ஆண்டில் 18 மாணவர்கள் வெளிநாடு சென்று உயர்கல்வி பயில உதவித்தொகை பெற்றனர். 1979இல் பிலிப்பைன்ஸ் நாட்டுக் குழந்தைகளுக்குப் போலியோ சொட்டு மருந்து வழங்கும் பணியைச் சங்கம் மேற்கொண்டது. 1985இல் அது உலகப் பணியாக விரிந்தது. நாம் சிறுவயதில் பெற்ற சொட்டு மருந்தின் பின்னே, அரசுகளோடும் உலக நலவாழ்வு நிறுவனத்தோடும் இச்சங்கத்தின் உழைப்பும் உண்டு. 2014இல் இந்தியா போலியோ இல்லாத நாடெனச் சான்று பெற்றது.

ஹாரிஸ் தொடங்கிய சங்கத்தில் பெண்களுக்கு இடமில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை. அமெரிக்க உச்சநீதிமன்றம் 1987இல் அளித்த தீர்ப்பு அக்கதவைத் திறந்தது. 1989இல் சங்கமே தன் விதியைத் திருத்திக்கொண்டது.

ஷிகாகோவின் மவுண்ட் ஹோப் இடுகாட்டில் ஹாரிசின் உடல் அடக்கம் செய்யப்பட்டது. ஞாயிறுதோறும் தனியே அலைந்த அவருக்கு அருகில், 1905ஆம் ஆண்டின் அந்த மாலையில் அவருடன் உணவருந்திய நிலக்கரி வணிகர் சில்வெஸ்டர் ஷீல் துயில்கொள்கிறார்.