34 ஆண்டுகள் பேசாதிருந்த புரட்சிக் கவி

மூணாறு: தமிழர்களுக்குப் பாரதியார் எப்படியோ, வங்காளிகளுக்குக் காஜி நஸ்ருல் இஸ்லாம் அப்படி. வெள்ளையர் ஆட்சியைத் தம் பாட்டால் நடுங்கச் செய்தவர் அவர். 77 வயது வரை வாழ்ந்த அக்கவிஞர், தம் கடைசி 34 ஆண்டுகளில் ஒரு வரி கூட எழுதவில்லை, பேசவும் இல்லை. மூளையைத் தாக்கிய நோயே அதற்குக் காரணம். வீட்டில் வயது முதிர்ந்தவர்களை வைத்திருக்கும் நாம் அனைவரும் அறிந்துகொள்ள வேண்டிய வரலாறு அவருடையது.

ரொட்டிக் கடையில் வேலை

மேற்கு வங்கத்தில் அசன்சோலுக்கு அருகே உள்ள சுருலியா கிராமத்தில் 1899-ஆம் ஆண்டு மே மாதம் நஸ்ருல் பிறந்தார். தந்தை ஒரு பள்ளிவாசலில் தொழுகை நடத்தி வந்தவர். சிறு வயதிலேயே தந்தையை இழந்த நஸ்ருல், வயிற்றுப்பாட்டுக்காகக் கிராமக் கூத்துக் குழுவில் சேர்ந்து பாட்டுக் கட்டினார். பிறகு ரயில்வே கார்டு ஒருவர் வீட்டில் எடுபிடி வேலை பார்த்தார். அசன்சோலில் ரொட்டிக் கடையில் மாவு பிசைந்தார். இத்தனைக்கும் நடுவே விட்டுவிட்டுப் பள்ளிக்கூடமும் சென்றார்.

1917-ல் பட்டாளத்தில் சேர்ந்து கராச்சியில் ஹவில்தார் ஆனார். 1920-ல் படைப்பிரிவு கலைக்கப்பட்டதும் கல்கத்தாவுக்குத் திரும்பினார். 1922 ஜனவரியில் வெளியான 'வித்ரோஹி' என்ற கவிதை அவரை ஒரே நாளில் புகழின் உச்சிக்குக் கொண்டு சென்றது. கலகக்காரன் என்பது அதன் பொருள். அதே ஆண்டு 'தூமகேது' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். அதில் வெளியிட்ட கவிதைக்காக அரசாங்கம் அவருக்கு ஓராண்டு சிறைத் தண்டனை விதித்தது. ஹூக்ளி சிறையில் கைதிகள் நடத்தப்பட்ட விதத்தைக் கண்டித்து ஒரு மாதத்துக்கு மேல் உண்ணாவிரதம் இருந்தார். மகாகவி தாகூர் தமது நாடகம் ஒன்றை அவருக்குக் காணிக்கையாக்கியது அந்தச் சிறைவாசத்தின்போதுதான்.

1924-ல் இந்துப் பெண்ணான பிரமிளாவை மணந்தார். இருவரும் மதம் மாறவில்லை. ஆயிரக்கணக்கில் பாடல்கள் இயற்றி, கிராமபோன் தட்டுகளிலும் வானொலியிலும் அவர் பெயர் ஒலிக்காத நாளே இல்லை என்ற நிலை வந்தது.

அடுத்தடுத்து துயரம்

1930-ல் அருமை மகன் புல்புல் அம்மை நோயில் இறந்தான். 1939-ல் பிரமிளா இடுப்புக்குக் கீழே செயலிழந்து படுக்கையில் விழுந்தார். 1942 ஜூலையில் நஸ்ருலுக்கே நாக்குக் குழறத் தொடங்கியது. சில மாதங்களில் பேச்சும் நினைவும் போயின. அப்போது அவருக்கு வயது 43தான்.

பலவித வைத்தியங்கள் நடந்தன. கல்கத்தாவில் மனநோய் மருத்துவமனையில் வைத்துப் பார்த்தார்கள். பலனில்லை. 1952-ல் அன்பர்கள் குழு அமைத்துப் பணம் திரட்டி ராஞ்சி மருத்துவமனைக்கும், 1953-ல் லண்டனுக்கும் அனுப்பினார்கள். அங்கே மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு ஏற்பட்டது. கடைசியில் வியன்னாவில் டாக்டர் ஹான்ஸ் ஹாஃப் சோதித்து, இது பிக் நோய், குணப்படுத்த இயலாது என்று முடிவு கூறினார். நோய்க்கு ஒரு பெயர் தெரிய 11 ஆண்டுகள் ஆகிவிட்டன.

பிராக் நகர மருத்துவர் ஆர்னால்டு பிக் 1892-ல் முதன்முதலாக விவரித்த நோய் இது. மூளையின் முன்பகுதியும் பக்கப் பகுதியும் சுருங்கிவிடும். பேச்சும் குணமும் முதலில் மாறும். 1906-ல் ஜெர்மானிய மருத்துவர் அல்சைமர் எடுத்துரைத்த நோய் வேறு வகை. அதில் பெரும்பாலும் அண்மையில் நடந்தவை முதலில் மறந்துபோகும். முதியவர்களிடம் அதிகம் காணப்படுவது அதுவே.

படுத்தபடியே பணிவிடை

இந்த வரலாற்றில் போற்றத்தக்கவர் பிரமிளா. எழுந்து நடக்க முடியாத நிலையிலும் படுக்கையில் இருந்தபடியே கணவரைக் கவனித்தார், ஊட்டிவிட்டார். உதவியாக இருந்த அவருடைய தாயாரும் 1946-ல் வீட்டை விட்டுப் போனவர் திரும்பவில்லை. 1962-ல் இறக்கும் வரை, இருபது ஆண்டுகள் பிரமிளா சளைக்கவில்லை. 1972-ல் புதிதாகப் பிறந்த வங்கதேசம் நஸ்ருலை டாக்காவுக்கு வரவழைத்துத் தேசியக் கவியாகப் போற்றியது. 1976 ஆகஸ்டு 29-ல் அங்கேயே காலமானார்.

நம் வீட்டு முதியவர்கள்

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 100-க்கு 7 பேருக்கு மேல், அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு இத்தகைய மறதி நோய்கள் இருப்பதாக 2023-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டுள்ளது. நம் மலையிலும் இது இல்லாமல் இல்லை. ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆன பின்னும் காலையில் சங்கு ஊதியதும் கொழுந்து எடுக்கக் கூடையைத் தேடும் மூதாட்டி, சாப்பிட்ட கை காயும் முன்பே மருமகள் சோறு போடவில்லை என்று பக்கத்து லயத்தில் போய்ச் சொல்லும் மாமியார், பெற்ற மகனையே யாரென்று கேட்கும் தகப்பனார் ஆகியோரைப் பார்த்து, வயதானால் புத்தி தடுமாறும் என்று விட்டுவிடுகிறோம். அல்லது வீம்பு என்று நினைத்துச் சண்டை போடுகிறோம். பேய் பிடித்தது என்று மந்திரிக்க அழைத்துச் செல்வோரும் உண்டு.

மறதி எல்லாமே தீராத நோயல்ல. தைராய்டு கோளாறு, பி12 வைட்டமின் குறைவு, மனச்சோர்வு, சில மருந்துகளின் விளைவு ஆகியவற்றாலும் தடுமாற்றம் வரும். இவற்றைச் சரிப்படுத்தலாம். ஆகவே முதலில் அரசு மருத்துவமனையில் காட்டுவதே முறை. கேரளத்தில் ஒவ்வொரு மாவட்டத்திலும் அரசின் மனநலத் திட்டம் இருக்கிறது. முதியோருக்கான 14567 என்ற இலவசத் தொலைபேசி எண்ணிலும் ஆலோசனை கேட்கலாம்.

தீராத நோய் என்று தெரிந்தாலும் கைவிட வேண்டியதில்லை. அவர்களோடு வாதாடாமல் பேச்சை மாற்றுவது, அன்றாட வேலைகளை ஒரே நேரத்தில் ஒரே விதமாகச் செய்வது, சட்டைப் பையில் முகவரிச் சீட்டு வைப்பது, பனியும் யானை நடமாட்டமும் உள்ள இந்த ஊரில் இரவில் கதவைத் தாழிடுவது ஆகியவை எவரும் செய்யக்கூடியவை. முக்கியமாக, பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஒரே மகள் அல்லது மருமகள் தலையில் கட்டிவிடக் கூடாது. பிரமிளாவுக்கு இருந்த மனவலிமை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. முறை வைத்துக் கொண்டு வீட்டார் அனைவரும் பங்கெடுத்தால், அந்தச் சுமையில் பாதி குறையும்.