கொல்லர் மகன் திறந்த கல்வி வாயில்

அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் 1810இல் கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் ஜஸ்டின் மோரில். வறுமை அவரைப் பதினைந்தாம் வயதில் பள்ளியினின்றும் பிரித்துக் கடைப் பணியாளராக்கிற்று. பின்னர் வணிகராய் உயர்ந்து நாடாளுமன்றம் புகுந்தவர், உழவர், தொழிலாளர்தம் மக்களும் உயர்கல்வி பெற 1857இல் மசோதா கொணர்ந்தார். குடியரசுத் தலைவர் புக்கானன் 1859இல் அதற்கு இசைய மறுத்தார். மோரில் தளர்ந்தாரல்லர், 1862இல் லிங்கன் ஒப்பமிட, அது சட்டமாயிற்று. ஒவ்வொரு மாநிலமும் தன் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கு 30,000 ஏக்கர் வீதம் நிலவுரிமை பெற்றது. அதனை விற்ற முதலின் வருவாயால் வேளாண்மையும் பொறியியலும் பயிற்றும் கல்லூரிகள் எழுந்தன. 1890இல் அவர் கொணர்ந்த இரண்டாம் சட்டம் கறுப்பின மாணவர்க்கும் அரசுப் பொருளில் பங்கு தந்தது. அந்நிலங்கள் பூர்வகுடியினர் இழந்தவை என்பதையும் நாம் மறத்தலாகாது. கல்லூரி வாயில் மிதியாத மோரில் 1898இல் மறைந்தார். அவர் திறந்த வாயில்களோ இன்றும் மூடவில்லை.