சளிக்கு ஆன்டிபயாடிக் கேட்கிறீங்களா? பென்சிலினை கண்டுபிடித்தவர் 1945-லேயே எச்சரித்தது என்ன?

குழந்தைக்கு ரெண்டு நாள் மூக்கு ஒழுகினாலே நமக்கு மனசு பதறிடும். டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதாமல் அனுப்பினால், சரியா பார்க்கலையோ என்ற சந்தேகம்கூட வரும். ஆனால் இந்த மருந்துகளுக்கு வழி திறந்துவிட்டவரே, அதை இஷ்டத்துக்கு சாப்பிடக் கூடாது என்று அன்றே எச்சரித்திருக்கிறார். அவர்தான் அலெக்சாண்டர் ஃபிளெமிங்.

கிளார்க் டு டாக்டர்

1881-ல் ஸ்காட்லாந்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 7 வயதில் அப்பாவை இழந்தார். லண்டனுக்கு வந்து, கப்பல் கம்பெனியில் 4 வருஷம் கிளார்க் வேலை. உறவினர் விட்டுச்சென்ற பணம் கைக்கு வந்ததும், செயின்ட் மேரிஸ் மருத்துவமனையில் டாக்டருக்கு படித்தார். முதல் உலகப்போரில், சிப்பாய்கள் காயத்தில் கிருமி ஏறி செத்துப்போவதை நேரில் பார்த்தார்.

சளியில் கிடைத்த துப்பு

1921-ல் அவருக்கே ஜலதோஷம். தன் மூக்குச்சளியை எடுத்து, கிருமி வளர்க்கும் தட்டில் வைத்தார். சுற்றியிருந்த பாக்டீரியாக்கள் கரைந்துபோயின. சளியிலும் கண்ணீரிலும் இருக்கும் லைசோசைம்தான் காரணம். உடம்புக்கு சொந்தமா ஒரு காவல் இருக்கு என்பது தெரிந்தது.

1928 செப்டம்பரில் விடுமுறை முடிந்து திரும்பியவர், ஒரு தட்டில் பூஞ்சை படர்ந்திருப்பதை பார்த்தார். அதை சுற்றி பாக்டீரியாக்களே இல்லை. அந்த பூஞ்சை தந்ததுதான் பென்சிலின். ஆனால் சுவாசப்பாதையில் வாழும் சில பாக்டீரியாக்களை அது ஒன்றும் செய்யவில்லை என்பதையும் அவர் அப்போதே குறித்துவைத்தார்.

நோபல் மேடையில் ஒரு கதை

அதை மருந்தாக மாற்றியது ஆக்ஸ்ஃபோர்டின் ஃப்ளோரி, செயின் குழு. 1945-ல் மூவருக்கும் நோபல் பரிசு. அந்த உரையில் ஃபிளெமிங் ஒரு கற்பனைக் கதை சொன்னார். தொண்டை வலி வந்த ஒருவர், தானே பென்சிலின் வாங்கி அரைகுறையாக சாப்பிடுகிறார். கிருமி சாகவில்லை, மருந்தை எதிர்க்கப் பழகிவிடுகிறது. அதே கிருமி மனைவிக்கு தொற்றி, நிமோனியா ஆகிறது. இப்போது பென்சிலின் வேலை செய்யவில்லை. மனைவி இறந்துவிடுகிறார்.

1955-ல் ஃபிளெமிங் மறைந்தார். மருந்துக்கு அடங்காத கிருமிகள் இன்று உலகம் முழுக்க தலைவலி.

பெற்றோர் என்ன செய்யலாம்?

* குழந்தைகளுக்கு வரும் சளி, இருமல் பெரும்பாலும் வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக் வைரஸை கொல்லாது.
* பாக்டீரியாவால் வரும் நிமோனியா, சில வகை தொண்டைத் தொற்றுக்கு அது கட்டாயம் தேவை. எது எது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.
* போன தடவை மிச்சமான சிரப்பை எடுத்துக் கொடுக்காதீங்க. டாக்டர் எழுதித் தந்தால், அளவையும் நாளையும் நீங்களா குறைக்காதீங்க.
* வேகமா மூச்சு வாங்குவது, மூச்சு இழுக்கும்போது நெஞ்சு உள்ளே போவது, பால் குடிக்காமல் சோர்ந்து கிடப்பது தெரிந்தால் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு போங்க.

மருந்து இல்லாமல் டாக்டர் அனுப்பினால், அதுவும் வைத்தியம்தான். நிஜமாகவே தேவைப்படும் நாளில் அந்த மருந்து உங்க குழந்தைக்கு வேலை செய்யணும் இல்லையா?