பாலை கடந்த பேட்றம் தோமஸ்

படுக்கையும் அடுப்பும் நீர்த்தொட்டியும் அமைந்த மோட்டார் வண்டியிலே வளைகுடா நாடுகளின் பாலைநிலங்களைச் சுற்றிவரத் திட்டமிடுவோர் இக்காலத்து உளர். ஓமானையும் சவூதி அராபியாவையும் நேரே இணைக்கும் பெருந்தெரு 2021இல் திறக்கப்பட்டமையால், றுப் அல் காலி என்னும் பெருமணற்பரப்பின் ஒரு பகுதியை வண்டியிலிருந்தவாறே கடந்துவிடலாம். ஏறத்தாழ 6,50,000 சதுர கிலோமீற்றர் பரந்த அந்நிலத்தில் தெருவென்பதே இல்லாத காலத்து, அதனைக் கடந்த முதல் ஐரோப்பியர் எனப் பெயர்பெற்றவர் பேட்றம் தோமஸ். அவர் வரலாற்றிலே யான் பெரிதும் மதிப்பது கடந்த செயலை அன்று. கடத்தற்கு முன் அவர் செய்த ஆயத்தத்தையே.

தோமஸ் 1892இல் இங்கிலாந்தின் சமசெற் மாகாணத்துப் பில் என்னும் சிற்றூரிற் பிறந்தார். இளமையில் அஞ்சற் பகுதியிற் பணிபுரிந்தார். முதலாம் உலகப்போர் அவரை ஈராக்குக்குக் கொண்டு சென்றது. அங்கும் பின்னர்த் திரான்சுயோர்தானிலும் அரசியல் அலுவலராயிருந்து, 1925 அளவில் மஸ்கற் சுல்தான் தைமூரின் நிதி ஆலோசகரானார்.

அலுவலகக் கணக்கேடுகளோடு அவர் அமைந்துவிடவில்லை. குளிர்காலந்தோறும் கிடைத்த ஓய்வைப் பாலையை அறிதற்குப் பயன்படுத்தினார். 1927-28இல் ஓமானின் தென்கிழக்குக் கரையோரமாக ஏறத்தாழ 600 மைல் ஒட்டகத்திற் சென்றார். 1929-30இல் தோபாரிலிருந்து வடக்கே மணற்பரப்பின் விளிம்புவரை சென்று மீண்டார். பெதுயின் மக்களைப் போலவே உடுத்தார்; தாடி வளர்த்தார்; மதுவையும் புகையையும் விலக்கினார்; அவர்தம் பேச்சுவழக்கையும் பயின்றார்.

1930 ஒக்டோபரில் ஓரிரவு, ஒருவருமறியாது மஸ்கற்றிலிருந்து கப்பலேறினார். பிரித்தானிய அரசின் அனுமதியை அவர் நாடவில்லை; நாடின் மறுக்கப்படுமென்பதை அறிந்திருந்தார். அது முறையோ என வினவுவார் வினவுக. இடர் நேரின் உதவிக்கு வருவார் ஒருவருமிலர் என்பதையும் அவர் அறிந்தே சென்றார்.

சலாலாவில் இரண்டு திங்கள் காத்திருந்தார். பணமும் கருவிகளும் கையிலிருந்தும் ஓரடிதானும் நகர முடியவில்லை. குலப்பகையும் ஆறலைத்தலும் மலிந்த அந்நாட்டில், ஒரு குலத்தாரின் எல்லையைக் கடத்தற்கு அக்குலத்தான் ஒருவன் துணையும் பிணையுமாக உடன்வரல் வேண்டும். ஈற்றில் றஷீத் குலத்துச் சாலிஹ் பின் கலூத் என்னும் தலைவர் துணைவர, 1930 டிசெம்பர் 10ஆம் நாள் புறப்பட்டார். ஒட்டகங்கள் தளருமுன் மாற்று ஒட்டகங்கள் கிடைக்குமாறு வழி வகுக்கப்பட்டது. கிணறுகள் அரியன, கிடைத்த நீரும் பலவிடத்து உவர்நீரே. மனிதர்க்கு ஆகாத அந்நீரை ஒட்டகங்கள் குடித்தன; அவற்றின் பாலை மனிதர் குடித்தனர்.

களைப்பின் நடுவிலும் தோமஸ் இரவில் விண்மீன்களை அளந்து இடம் குறித்தார், உயிரினங்களைச் சேகரித்தார், மணற்குன்றுகள் எழுப்பும் முழக்கத்தைக் கேட்டெழுதினார், உபார் என்னும் மறைந்த நகருக்குரியதெனத் தோழர் காட்டிய பழந்தடங்களையும் பதிந்துகொண்டார். 57 நாட்களின் பின், 1931 பெப்ரவரி 5ஆம் நாள் கட்டாரின் தோஹாவை அடைந்தார். அரசன் அனுமதிக்காகக் காத்திருந்த பில்பி என்பார் 1932இலேயே வேறு வழியாக அம்மணலைக் கடக்க முடிந்தது.

இலண்டன் புவியியற் கழகம் தோமஸுக்குப் பொற்பதக்கம் வழங்கியது. 1932இல் அவர் பயணநூல் வெளிவந்தது. 1944இல் எருசலேமில் தொடங்கிய அராபியக் கல்வி நிலையத்துக்கு முதல் இயக்குநரானார். 1950இல் பிறந்த ஊரிலேயே காலமானார்.

றஷீதியரும் முர்ராக் குலத்தாரும் தலைமுறை தலைமுறையாக உலவிய நிலத்தை அவர் கடந்தார். ஆதலின், தோமஸின் பெயர் சொல்லுமிடத்துச் சாலிஹின் பெயரையும் சொல்லுதலே நீதி என்பது என் துணிபு. இன்று பாலைவழிச் செல்லக் கருதுவோர் நீரையும் பெற்றோலையும் கணக்கிடுவர். எல்லைப் பத்திரங்களையும் தேடுவர். அவை வேண்டுவனவே. ஆயினும் அந்நாட்டு மக்களின் மொழியிற் சில சொற்களையேனும் கற்றுச் செல்வார்களாயின், தோமஸ் ஐந்தாறு ஆண்டுகளிற் செய்த ஆயத்தத்தின் சிறந்த பகுதியைத் தாமும் செய்தவராவர்.