பேச்சு வராத பாரிஸ்டர்



நம் பொதுக்குழுக் கூட்டங்களில் ஒன்றை நீங்களும் கவனித்திருப்பீர்கள். எழுந்து பேசுபவர்கள் எப்போதும் அதே நாலைந்து பேர்தான். தண்ணீர் லாரிக் கணக்கோ, மோட்டார் ரிப்பேரோ, விஷயம் நன்றாகத் தெரிந்தவர் பின்வரிசையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பார். கூட்டம் முடிந்து லிஃப்ட்டில் ஏறியதும் அருமையான யோசனை ஒன்றைச் சொல்வார். அங்கேயே சொல்லியிருக்கலாமே சார் என்றால், மைக்கைப் பார்த்தாலே கை கால் உதறுகிறது என்பார். அதற்குள் தீர்மானம் நிறைவேறி, பணமும் ஒதுக்கியாகியிருக்கும்.

அவர்களை மனதில் வைத்துத்தான் இந்த இதழில் ஒருவரது வாழ்க்கையைச் சொல்லப் போகிறேன். ரூபாய் நோட்டில் நீங்கள் தினமும் பார்க்கும் முகம்தான். மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி.

1869 அக்டோபர் 2-ஆம் தேதி போர்பந்தரில் பிறந்தவர். ராஜ்கோட்டில் படித்த காலத்தில் சரியாக மணி அடிக்கும் நேரத்துக்குப் பள்ளிக்குப் போவார். பள்ளி விட்டதும் வீட்டுக்கு ஓடிவிடுவார். ஓட்டம் என்றால் நிஜமாகவே ஓட்டம். வழியில் யாராவது பேச்சுக் கொடுத்துக் கேலி செய்துவிடுவார்களோ என்று பயம்.

1888-ல் சட்டம் படிக்க லண்டன் கிளம்பும்போது அவர் படித்த உயர்நிலைப் பள்ளியில் வழியனுப்பு விழா வைத்தார்கள். நன்றி சொல்ல நாலு வரி எழுதிக்கொண்டு போயிருந்தார். அதைப் படிப்பதற்குள் தலை சுற்றி உடம்பெல்லாம் நடுங்கிவிட்டது.

லண்டனில் சைவ உணவுச் சங்கத்தில் சேர்ந்தார். செயற்குழுவிலும் இடம் கிடைத்தது. கூட்டம் தவறாமல் போவார், ஆனால் ஒரு வார்த்தை பேச மாட்டார். ஒருமுறை பெரிய பிரச்சினை வந்தது. டாக்டர் ஆலின்சன் என்ற உறுப்பினர் கருத்தடையை ஆதரித்துப் பிரசாரம் செய்தார். சங்கத் தலைவர் ஹில்ஸ் ஒரு பெரிய இரும்புத் தொழிற்சாலையின் முதலாளி. சங்கமே அவருடைய பண உதவியில்தான் நடந்துகொண்டிருந்தது. அவர் ஆலின்சனை நீக்க வேண்டும் என்றார். கருத்தடை விஷயத்தில் காந்திக்கும் ஹில்ஸின் கருத்துதான். ஆனாலும், சைவ உணவுக்காக ஏற்பட்ட சங்கத்தில் வேறு காரணத்துக்காக ஒருவரை வெளியேற்றுவது நியாயமில்லை என்று அவருக்குப் பட்டது. அதை எழுதி எடுத்துக்கொண்டு போனார். கூட்டத்தில் படிக்க வரவில்லை. தலைவர் அதை வேறொருவரைக் கொண்டு படிக்க வைத்தார். ஆலின்சன் தோற்றார், எதிர்த்தவர்களில் ஒருவராகக் காந்தியின் பெயர் இருந்தது.

வென்ட்னர் என்ற கடற்கரை ஊரில் நடந்த சைவ உணவுக் கூட்டத்திலும் இதே கதை. ஒரு தாள் அளவுதான் பேச்சு. எழுந்து நின்றதும் கண் இருண்டது. கூட வந்த நண்பர்தான் வாங்கிப் படித்தார். 1891-ல் ஊர் திரும்பும் முன் நண்பர்களுக்கு லண்டனில் ஓர் உணவகத்தில் விருந்து வைத்தார். பேச எழுந்து தடுமாறிய ஓர் ஆங்கிலேயப் பிரமுகரைப் பற்றிய வேடிக்கைக் கதையைச் சொல்லித் தொடங்குவதாகத் திட்டம். முதல் வாக்கியத்துக்கு மேல் எதுவும் நினைவுக்கு வரவில்லை. வந்ததற்கு நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். கதையில் வந்தவரின் கதி அவருக்கே நேர்ந்தது.

இதெல்லாம் இளவயதுக் கூச்சம் என்று விட்டுவிடலாம். பம்பாயில் நடந்தது அப்படியல்ல. அங்கே அவருடைய பிழைப்பே பேச்சில் இருந்தது.

பாரிஸ்டர் பட்டத்தோடு வந்தவருக்குச் சிறு வழக்கு நீதிமன்றத்தில் மாமிபாய் என்ற பெண்ணின் வழக்கு கிடைத்தது. கட்டணம் 30 ரூபாய். எதிர்த் தரப்புச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தார். நீதிமன்றமே சுற்றுவதுபோல் இருந்தது. கேட்க ஒரு கேள்விகூடத் தோன்றவில்லை. உட்கார்ந்துவிட்டார். வேறு வக்கீலை வைத்துக்கொள்ளச் சொல்லிக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அந்த வக்கீல் வாங்கியது 51 ரூபாய். தைரியம் வரும்வரை வழக்கே எடுப்பதில்லை என்று முடிவு செய்து ராஜ்கோட்டுக்குத் திரும்பி, மனு எழுதிக் கொடுத்துப் பிழைத்தார். எழுத்து வந்தது, பேச்சுதான் வரவில்லை.

இப்படிப்பட்டவர் எப்படி மாறினார்? இந்த இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். வணிகவியல் படித்து, வங்கிப் பேரேட்டோடு காலம் தள்ளியவன் அல்லவா!

1893-ல் தாதா அப்துல்லா என்ற வியாபாரியின் கம்பெனிக்காகத் தென்னாப்பிரிக்கா போனார். 105 பவுன் சம்பளம், போக வரக் கப்பல் கட்டணம். வழக்கு 40,000 பவுனுக்கு. அது முழுக்க முழுக்கக் கணக்கு வழக்கு. கம்பெனி குமாஸ்தா இதைப் பற்று வைத்தோம், அதை வரவு வைத்தோம் என்று விளக்க விளக்க, பாரிஸ்டருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பி. நோட்டு என்று ஒரு சொல் அடிக்கடி வந்தது. அகராதியில் தேடினார், இல்லை. வெட்கப்படாமல் குமாஸ்தாவிடமே கேட்டார். நம் ஊரில் பெட்டிக்கடைக்காரருக்கும் தெரிந்த புரோநோட்டுதான் அது! உடனே கணக்குப் பதிவியல் புத்தகம் ஒன்றை வாங்கி உட்கார்ந்து படித்தார். வழக்கு புரிந்தது. கூடவே கொஞ்சம் தன்னம்பிக்கையும் வந்தது.

அந்த வழக்குக்காகப் பிரிட்டோரியா போகும் வழியில்தான், ஜூன் 7-ஆம் தேதி இரவு, முதல் வகுப்பு டிக்கெட் இருந்தும் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தில் இறக்கிவிடப்பட்டார். அது நமக்குத் தெரிந்த கதை. அதற்குப் பின் நடந்தது அவ்வளவாக யாருக்கும் தெரியாது. பிரிட்டோரியா சேர்ந்த முதல் வாரத்திலேயே தையப் சேட்டைப் போய்ப் பார்த்தார். அவர்தான் வழக்கில் எதிர்க்கட்சிக்காரர்! அங்குள்ள இந்தியர்களை எல்லாம் கூட்டி அவர்கள் நிலைமையைப் பேச வேண்டும், உதவுங்கள் என்றார். அவரும் உதவினார்.

ஒரு வியாபாரியின் வீட்டில் கூட்டம். வந்தவர்களில் பெரும்பாலோர் மேமன் வியாபாரிகள். வியாபாரத்தில் உண்மையாக இருப்பது, சுற்றுப்புறத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்வது, குறைகளை எடுத்துச் சொல்ல ஒரு சங்கம் அமைப்பது பற்றிக் காந்தி பேசினார். வியாபாரத்தில் உண்மை நடக்காது என்று நினைத்தவர்கள் முன்னால் நின்று அதை மறுத்துப் பேசினார். கை நடுங்கவில்லை. தன் வாழ்வின் முதல் பொதுப்பேச்சு என்று அவர் கணக்கில் வைத்துக்கொண்டது இதைத்தான். பிறகு இப்படிக் கூட்டங்கள் தொடர்ந்து நடந்தன. ஆங்கிலம் கற்க விரும்பியவர்களுக்குச் சொல்லித் தருவதாகவும் சொன்னார். ஒரு முடிதிருத்துபவர், ஒரு குமாஸ்தா, ஒரு சிறு கடைக்காரர் என மூன்று பேர் முன்வந்தார்கள். அவர்கள் இருந்த இடத்துக்கே போய்ச் சொல்லிக் கொடுத்தார்.

லண்டனில் நின்ற அதே மனிதர்தான் பிரிட்டோரியாவிலும் நின்றார். லண்டனிலும் பம்பாயிலும் தான் எப்படிப் பேசப் போகிறோம் என்ற கவலை. பிரிட்டோரியாவில் அந்த மக்களுக்கு என்ன செய்வது என்ற கவலை. விஷயத்தையும் படித்து வைத்திருந்தார். கவலை தன்னை விட்டு விஷயத்துக்குப் போனதும் நாக்கு அவிழ்ந்துவிட்டது. நாங்களும் கவுண்டரில் பேரேட்டைத் திறந்து வைத்துக்கொண்டால் எவ்வளவு பெரிய மனிதரிடமும் தயங்காமல் பேசுவோம். பக்கம் நம் கையில் இருக்கிறதே!

அந்த வழக்கையும் அவர் வாதாடித் தீர்க்கவில்லை, பேசித் தீர்த்தார். மத்தியஸ்தரின் தீர்ப்பில் தாதா அப்துல்லாவுக்கு 37,000 பவுனும் செலவுத்தொகையும் கிடைத்தது. ஒரே தவணையில் கட்டச் சொன்னால் தையப் சேட் திவாலாகிவிடுவார். சிறு சிறு தவணைகளாகப் பல வருடங்களில் கட்ட தாதா அப்துல்லாவைச் சம்மதிக்க வைத்தார். பத்து வார்த்தை பேசத் தெரியாதவராக இருந்தவர் செய்த காரியம்!

இத்தோடு பயம் ஒழிந்தது என்று முடித்தால் கதை நன்றாக இருக்கும். ஆனால் உண்மை வேறு.

1896-ல் இந்தியா வந்தபோது பம்பாயில் சர் கோவாஸ்ஜி ஜஹாங்கீர் மண்டபத்தில் கூட்டம். ஏற்பாடு செய்தவர் பெரோஸ்ஷா மேத்தா. அரங்கம் நிரம்பி வழிந்தது. அதற்குள் நேட்டால் இந்தியக் காங்கிரஸைத் தொடங்கி மூன்று வருடப் பொதுவாழ்வு பார்த்தவர், எழுதி வைத்த பேச்சைப் படிக்க எழுந்தார். பழைய நடுக்கம் வந்துவிட்டது. உரக்கப் படிக்கும்படி மேத்தா ஊக்கப்படுத்தப் படுத்தக் குரல் இன்னும் தாழ்ந்தது. நண்பர் ஒருவர் தாளை வாங்கிப் படித்தார், எடுபடவில்லை. கடைசியில் தின்ஷா வாச்சா எழுந்து வாங்கிப் படித்தார். அரங்கம் அமைதியாகி முழுப் பேச்சையும் கேட்டது.

அடுத்து நம் சென்னைக்கு வந்தார். அக்டோபர் 26-ஆம் தேதி பச்சையப்பன் மண்டபத்தில் கூட்டம். அச்சடித்த பேச்சு, அதுவும் நீளமானது. ஆனாலும் மக்கள் வார்த்தை விடாமல் கேட்டார்கள். காரணம் பாலசுந்தரம். டர்பனில் ஒப்பந்தக் கூலியாக இருந்த தமிழர். முதலாளி அடித்ததில் முன்பற்கள் உடைந்து, ரத்தம் வழிய, தலைப்பாகையைக் கையில் பிடித்தபடி காந்தியிடம் வந்தவர். அவரை அந்த முதலாளியிடமிருந்து விடுவித்து வேறு இடத்தில் வேலைக்கு மாற்றிக் கொடுத்திருந்தார் காந்தி. அந்தச் சேதி இங்கே முன்பே வந்து சேர்ந்திருந்தது. பேசுபவரின் குரல் எப்படி என்று யாரும் பார்க்கவில்லை. யாருக்காகப் பேசுகிறார் என்று பார்த்தார்கள்.

1901 கல்கத்தா காங்கிரஸில் தென்னாப்பிரிக்கத் தீர்மானத்தின் மீது பேச அவருக்கு 5 நிமிடம் கொடுத்தார்கள். தலைமை அதே வாச்சாதான். நடுவில் மணி அடித்தது. இன்னும் 2 நிமிடம் இருக்கிறது என்பதற்கான மணி அது என்று தெரியாமல், பாதியில் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு 1906 செப்டம்பர் 11-ல் ஜோகன்னஸ்பர்க் எம்பயர் தியேட்டரில், சிறை செல்லவும் தயாராக இருக்கும் உறுதிமொழியைப் பெருங்கூட்டத்துக்கு விளக்கிச் சொன்னார். 1916 பிப்ரவரியில் காசி இந்துப் பல்கலைக்கழக விழாவில் மகாராஜாக்களின் நகைகளைப் பற்றி அவர்கள் முகத்துக்கு நேராகவே பேசினார். அன்னி பெசன்ட் நிறுத்தச் சொல்லியும் மாணவர்கள் தொடரச் சொன்னார்கள். 1942 ஆகஸ்ட் 8-ல் பம்பாய் கொவாலியா குள மைதானத்தில் பேசியது நாட்டையே அசைத்தது. கடைசிவரை அவர் குரல் தாழ்ந்ததுதான். அடுக்குமொழி கிடையாது. இளமையில் இருந்த தயக்கம்தான் வார்த்தைகளைச் சிக்கனமாகச் செலவழிக்கக் கற்றுத் தந்தது என்று பின்னாளில் அவரே கருதினார்.

பேசப் பயப்படும் குடியிருப்போருக்கு ஒரு வார்த்தை. பயம் போன பிறகு பேசலாம் என்று காத்திருக்க வேண்டாம். காந்திக்கே 8 வருடம் கழித்தும் திரும்பி வந்தது. உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரே விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ரசீதையும் கணக்கையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் உங்கள் தளத்தில் நாலு பேரிடம் சொல்லிப் பாருங்கள். கூட்டத்தில் நா எழவில்லையென்றால் தாளை நீட்டுங்கள். அதில் அவமானம் எதுவும் இல்லை.

நன்றாகப் பேச வருபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பின்வரிசையில் ஒருவர் தயங்கி எழுந்தால் சிரிக்காதீர்கள், அவசரப்படுத்தாதீர்கள். அன்று பம்பாயில் வாச்சா தன் குரலைக் கடன் கொடுத்தார். வட்டியில்லாக் கடன். நம்மாலும் முடியும்.

அடுத்த பொதுக்குழுவுக்கு நான் கொஞ்சம் முன்னதாகவே வந்து முன்வரிசையில் இடது ஓரமாக உட்கார்ந்திருப்பேன். எழுதிக் கொண்டு வாருங்கள். நீங்களே படித்தால் கைதட்டுவேன். முடியவில்லையென்றால் உங்கள் பெயரைச் சொல்லி நான் படிக்கிறேன்.

— ஓய்வு பெற்ற வங்கி எழுத்தர், பி பிளாக்